இரண்டு செங்கல் சீர்

அங்கம்மையிடம் கேள்வி கேட்பதென்றால் மடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். மற்ற குருமார்கள் கேட்டால் பதில் சொல்வார்கள். இந்த அம்மாள் பதிலுக்கு ஏதாவது செய்து வைப்பார். பொறுமை என்றால் என்ன என்று ஒருத்தர் கேட்கப்போய், மடத்து எருமையைக் குளிப்பாட்டி முடிக்க ஒரு நாள் பூராவும் படாத பாடு பட்டார். அன்றிலிருந்து யாரும் வாயைத் திறப்பதில்லை.

அதெல்லாம் தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டவர் ஆராவமுதர். பொன்மேட்டு நாட்டின் அமைச்சர். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அங்கம்மைக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் குரு குருதான். மடத்துக்கு வந்தால் ஆராவமுதர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். வெளியே விட்டால் திருடு போய்விடும் என்று பயம்.

பொன்மேடு கொழுத்த நாடு. அங்கே தெருநாய்கூட நெய்ச்சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். பக்கத்து நாடு கரம்பை. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை.

அன்றைக்கு அங்கம்மை நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஆராவமுதர் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சு, தாயே."

"யாருக்கு?"

"கரம்பைக்காரங்களுக்குத்தான். வருஷா வருஷம் வைகாசி பிறந்தா உதவிச் சீர் கொண்டுபோறோம். பத்து வண்டி அரிசி. மேளம், யானை, குடை, கொடி எல்லாம் உண்டு. கூடவே மகாராஜாவோட சிலை ஒண்ணு."

"சிலை எதுக்கு?"

"கொடுத்தவர் யாருன்னு தெரிய வேண்டாமா?"

"அதுவும் சரிதான். கூட யார் யார் போவீங்க?"

"நான், அதிகாரிங்க, அவங்க குடும்பம், பாடுறதுக்குப் புலவருங்க, பாதுகாப்புக்குப் படை. ஒரு நாற்பது வண்டி ஆகும். போனா சும்மா திரும்பிட முடியுமா? அரிசி ஒழுங்கா போய்ச் சேர்ந்துச்சான்னு பத்து நாள் இருந்து பாத்துட்டுத்தான் வருவோம்."

"நல்ல மனசு."

"மனசு இருந்து என்ன பிரயோஜனம்? போகப் போக அவங்க நிலைமை மோசமாயிட்டே வருது. இந்த வருஷம் என்ன கேட்டு ஆள் அனுப்பியிருக்காங்க தெரியுமா? விதைநெல்! கையில ஒரு பிடிகூட இல்லையாம். ஆடி மழைக்கு முன்னாடி வந்து சேரலைன்னா விதைப்பே கிடையாதாம். ஊரைக் காலி பண்ணிட்டுப் போறதைத் தவிர வேற வழியில்லைன்னு அவங்க தலைவர் சடையாண்டி சொல்லியிருக்கார்."

அங்கம்மை ஒரு கடலையை ஊதித் தோலைப் பறக்கவிட்டார்.

"மகாராஜா என் கிட்டக் கேக்கிறார், கொடுக்கலாமா, நிறுத்திடலாமான்னு. நான் சொல்றதுதான் முடிவு. உழைக்கத் தெரியாத ஜனங்க, தாயே. அவங்க வறுமைக்கு நாங்களா பொறுப்பு? நீங்களே சொல்லுங்க."

கேட்டாரா, கேட்டுவிட்டார். இனி யார் காப்பாற்றுவது?

"உங்க வீட்டுல ஏதாவது குறை இருக்கா அமைச்சரே?" என்றார் அங்கம்மை.

"என் வீட்டுலயா? குறையா?" ஆராவமுதருக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு யோசித்தார். "கொல்லைப்புறச் சுவர் மட்டும் போன மழையில பாதி சரிஞ்சுபோச்சு. ஊர் ஆடெல்லாம் உள்ள வந்துடுது. ஆள் விட்டுக் கட்டணும்."

"அடடா! எவ்வளவு பெரிய கஷ்டம். சொல்லவே இல்லையே! வெள்ளிக்கிழமை மடத்துலேர்ந்து உதவிச் சீர் கொண்டு வர்றோம்."

"எனக்கு எதுக்கு தாயே உதவி? நான் கேட்ட கேள்விக்கு..."

"முதல்ல உங்க கஷ்டம் தீரட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆராவமுதர் வீட்டுத் தெருவில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. முன்னால் நாகசுரம், பின்னால் கொடி, அதற்கும் பின்னால் மடத்தில் இருந்த அத்தனை பேரும். எருமையைக்கூட விட்டுவிட்டு வரவில்லை. அதன் கழுத்தில் ஒரு மாலை. நடுவில் அங்கம்மை ஒரு பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். அதன்மேல் பட்டுத்துணி மூடியிருந்தது.

அமைச்சர் மனைவி குமுதவல்லி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். தெருவே கூடிவிட்டது. அங்கம்மை பட்டுத்துணியை விலக்கினார்.

உள்ளே இரண்டு செங்கல் இருந்தன. சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒன்றில் மூலை உடைந்திருந்தது.

"சுவருக்கு," என்றார் அங்கம்மை.

ஆராவமுதர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குரு கொடுத்தது அல்லவா. குமுதவல்லி மட்டும் தாம்பாளத்தைப் பார்த்தாள், தெருவை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், சமையல்கட்டுக்குப் போனாள்.

சீர் கொண்டு வந்தவர்களுக்கு விருந்து வைக்காமல் அனுப்பக்கூடாது. பொன்மேடானாலும் கரம்பையானாலும் இந்த வழக்கம் மட்டும் ஒன்று. இருக்கிறவன், இல்லாதவன் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. அன்று இலை போட்டார்கள். வடை, பாயசம், அப்பளம் என்று எதிலும் குறையில்லை. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆராவமுதருக்குப் பரம சந்தோஷம்.

மறுநாளும் சாப்பிட்டார்கள். அதற்கு மறுநாளும் யாரும் மூட்டையைக் கட்டுகிற மாதிரி தெரியவில்லை.

"எப்போ புறப்பாடு, தாயே?" என்று ஆராவமுதர் ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"உதவி ஒழுங்கா பயன்படுதான்னு பாத்துட்டுத்தானே போகணும்? நீங்களும் அப்படித்தானே செய்வீங்க?"

"ஆமாமாம்," என்றார் ஆராவமுதர். வேறென்ன சொல்வார்?

மடத்துச் சீடர் ஒருவரை அங்கம்மை சுவருக்கு ஆலோசகராக நியமித்திருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தூக்கியதில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணு மேல ஒண்ணு வைக்கணும். அதுதான் முறை," என்று அந்தப் பக்கம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுக்கவே ஒரு ஆள் தேவைப்பட்டது.

இன்னொரு சீடருக்குப் பாட்டு வரும். வரும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாமலும் வாசலில் நின்று அந்த இரண்டு செங்கல்லின் பெருமையைப் பாடத் தொடங்கிவிடுவார். உடைந்த மூலைக்கென்றே தனியாக ஒரு பாட்டு இருந்தது.

சாயங்காலமானால் ஆராவமுதர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். "நேத்து சொன்னப்ப தொண்டை அடைச்சுது. இன்னிக்கு அடைக்கலையே?" என்று அங்கம்மை குறைப்பட்டுக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாட்டையே ஆட்டிவைக்கிற மனிதர், தொண்டையை அடைக்க வைக்கத் தெரியாமல் திண்டாடினார்.

குமுதவல்லியின் பாடுதான் பெரும்பாடு. வீட்டு அடுப்பில் அத்தனை பேருக்கு உலை வைக்க முடியுமா? கொல்லையில் கோட்டை அடுப்பு போடச் சொன்னாள். அடுப்புக்குச் செங்கல் வேண்டும். சரிந்த சுவரிலிருந்து உருவினார்கள். கூட்டம் குறைகிற வழியைக் காணோம், இன்னொரு அடுப்பு போட்டார்கள். அதற்கும் சுவரில்தான் கை வைத்தார்கள். சுவர் கட்டுவதற்காகச் சொல்லிவைத்த கொத்தனார்கள் இரண்டு பேரும் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவர் தாழத் தாழ ஊர் ஆடுகளுக்குக் கொண்டாட்டம். தோட்டத்து வாழை இலை முழுவதையும் தின்று தீர்த்தன. அப்புறம் இலையையும் வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது.

"அந்தத் தாம்பாளத்துல ரெண்டு சும்மாதானே இருக்கு, எடுத்து அடுப்புக்கு வைங்க," என்றாள் குமுதவல்லி.

"சீர் செங்கல்லையா? கேட்டா என்ன நினைப்பாங்க!" ஆராவமுதர் பதறிப்போனார். அவை கூடத்தில் பூவோடு அப்படியே இருந்தன.

ஒருநாள் மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் இடம் போதாமல் கொல்லையிலும் இலை போட்டிருந்தார்கள். அங்கம்மை பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, எதிரே இருந்த சுவரை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"என்ன அமைச்சரே இது? நாங்க வந்தப்போ இடுப்பு உயரம் இருந்துச்சு. இப்போ முழங்காலுக்கு வந்துடுச்சே!"

ஆராவமுதர் கையில் நெய்க்கிண்ணத்தோடு நின்றார்.

"உதவி பண்ணப் பண்ணக் குறையுதே. பாட்டு வேற பாடுறோம், பக்கத்துல உக்காந்து யோசனை சொல்றோம். இதுக்கு மேல நாங்க என்னதான் செய்யறது?" அங்கம்மை சலித்துக்கொண்டார். "உழைக்கத் தெரியாத குடும்பமோ என்னமோ."

ஆராவமுதருக்குக் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

"உழைக்கத் தெரியாத குடும்பமா! யாரைப் பாத்து என்ன வார்த்தை சொல்றீங்க! நீங்க கொண்டுவந்தது ரெண்டு செங்கல். அதுலயும் ஒண்ணு உடைசல். உங்களுக்கு ஆக்கிப் போடத்தானே சுவரைப் பிரிச்சு அடுப்பு வச்சோம்? சுவர் கட்ட வந்தவங்க உங்களுக்குத்தானே பரிமாறிக்கிட்டு இருக்காங்க? நீங்க தின்னது என் சுவர், தாயே! என் சுவர்!"

பந்தியில் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. பாட்டுச் சீடர் வாயில் வைத்த அப்பளத்தை நொறுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றார் அங்கம்மை.

"எப்படிச் சொல்றது? சீர் கொண்டு வந்தவங்க கிட்டப் போய், போதும் எழுந்திரிங்கன்னு எப்படிச் சொல்ல வாய் வரும்?"

"வராதுதான்." அங்கம்மை தலையாட்டினார். "அது கிடக்கட்டும். கரம்பையில உங்களை எப்படிக் கவனிப்பாங்க?"

கோபத்தில் இருந்தாலும் சாப்பாட்டுப் பேச்சு வந்ததும் ஆராவமுதர் கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் சுபாவம் அது.

"அதைக் கேளுங்க. ஏழைங்கன்னாலும் கவனிப்புல ஒரு குறை சொல்ல முடியாது. எங்களுக்காக ஒரு சடங்கு பண்ணுவாங்க பாருங்க, வேற எங்கேயும் நான் பாத்ததில்லை. பரண்லேர்ந்து பெரிய பெரிய வைக்கோல் உருண்டையா இறக்குவாங்க. மேல சாணி பூசியிருக்கும். அதை முற்றத்துல வச்சு அரிவாளால வெட்டுவாங்க. உள்ளேர்ந்து நெல்லு பொலபொலன்னு கொட்டும்! பாக்கவே கண்கொள்ளாக் காட்சி. அந்த நெல்லைக் குத்தித்தான் எங்களுக்குச் சோறு. அடேயப்பா, என்ன ருசி!"

"வெட்டுறப்ப அவங்க என்ன செய்வாங்க?"

"பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் துடைச்சுக்குவாங்க. எங்க மேல அவ்வளவு பாசம். நாங்க எல்லாரும் கை தட்டுவோம். போன வருஷம் எனக்கு ஆசை அடங்கலை, இன்னொரு உருண்டை வெட்டுங்கன்னு சடையாண்டியைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பரணையே பாத்துக்கிட்டு நின்னார். அப்புறம் ஏறி எடுத்துக்கிட்டு வந்து வெட்டினார். நல்ல மனுஷன்."

சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்த குமுதவல்லி கிட்டே வந்தாள். அவள் பிறந்தது விவசாயக் குடும்பத்தில்.

"என்ன உருண்டை? வைக்கோலைக் கயிறு மாதிரி பிரியாத் திரிச்சுச் சுத்தி, சாணி பூசினதா?"

"ஆமா. நீ பாத்திருக்கியா அந்தச் சடங்கை?"

"சடங்கா?" அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அது விதைக்கோட்டைங்க. அடுத்த விதைப்புக்கு நெல்லைக் கட்டி வைக்கிறது. எங்கப்பா வீட்டுப் பரண்லயும் இருக்கும். ஒரு வருஷம் பஞ்சத்துல நாங்க புளியங்கொட்டையை வறுத்துத் தின்னோம், அதுல கை வைக்கலை. அதையா வெட்டித் தின்னுட்டு வந்தீங்க?"

"சடங்குன்னுதான் நாங்க..." என்று இழுத்தார் ஆராவமுதர்.

"கையும் தட்டினீங்களா?"

ஆராவமுதர் நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கு அந்த முற்றமும், பரணைப் பார்த்துக்கொண்டு நின்ற சடையாண்டியின் முகமும் இப்போது வேறு மாதிரி ஞாபகம் வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இன்னொண்ணு கேட்டேனே, குமுதா," என்றார். "நானே வாயைத் திறந்து இன்னொண்ணு கேட்டேனே."

பதிலுக்கு எருமைதான் எங்கோ கத்தியது.

ஆனால் அமைச்சர் என்றால் அமைச்சர்தான். சற்று நேரத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"இப்பவே மகாராஜா கிட்டப் பேசறேன். இந்த வருஷம் விதைநெல்லு இருபது வண்டி! யானை நாலு. மேளம் ரெண்டு ஜோடி. நானே முன்னால நடந்து..."

"தின்ன சோத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறதுக்கு மேளம் வேறயா?" என்றாள் குமுதவல்லி.

ஆராவமுதர் யானையையும் மேளத்தையும் விட்டுவிட்டார். பிறகு அங்கம்மையைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ நான் என்னதான் செய்யணும், தாயே?"

"எனக்கு என்ன தெரியும்? இங்க நாங்க என்ன செஞ்சா உங்க சுவர் எழும்பும், அதைச் சொல்லுங்க."

ஆராவமுதர் தயங்கினார். குரு, விருந்தாளி, சீர் கொண்டுவந்தவர். குமுதவல்லிக்கு அந்தத் தயக்கமெல்லாம் என்றோ தீர்ந்துபோயிருந்தது.

"நீங்கள்லாம் இலையை விட்டு எழுந்தா எழும்பும்," என்றாள்.

அங்கம்மை வாய்விட்டுச் சிரித்தார். இலையை மடித்தார், எழுந்தார். பந்தி முழுவதும் எழுந்தது. பாட்டுச் சீடர் மட்டும் இரண்டாம் தடவை பாயசம் வரும் என்று ஒரு நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்து பார்த்தார்.

அடுப்புகளை அணைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். செங்கல்லைப் பிரித்து அடுக்கினார்கள். கொத்தனார்கள் சாம்பார் வாளியைப் போட்டுவிட்டுக் கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டார்கள். மடத்து ஆட்கள் மண் குழைத்தார்கள். ஆலோசகர் முழங்கை வரை சேறாகி, ஒன்று மேல் ஒன்று வைத்தால் போதாது, கீழ் இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வராமல் மாற்றி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் சுவர் தலை உயரத்துக்கு நின்றது. யாரும் பாடவில்லை. வெளியே ஆடுகள் முட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

புறப்படும்போது அங்கம்மை கூடத்துத் தாம்பாளத்திலிருந்து அந்த இரண்டு செங்கல்லையும் எடுத்துக்கொண்டார்.

"அது சீர் இல்லையா, தாயே?"

"மடத்து அடுப்புக் கல். இது இல்லாம போய் எங்க உலை வைக்கிறது?"

ஆனி மாதம் முடிவதற்குள் விதைநெல் வண்டிகள் கரம்பைக்குப் போயின. மேளம் இல்லை, கொடி இல்லை, சிலை இல்லை. முதல் வண்டியில் மூட்டைகள்மேல் ஆராவமுதர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குமுதவல்லி கட்டிக்கொடுத்த புளியோதரை.

சடையாண்டி ஓடிவந்து கும்பிட்டார். மூட்டைகளைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வழக்கம் விடுமா? "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

ஆராவமுதர் அதைப் பார்த்தார். சட்டென்று தரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்.

"விருந்துன்னா சேர்ந்து சாப்பிடுறதுதானே? வாங்க, உக்காருங்க. நிறைய இருக்கு."

நிறையவெல்லாம் இல்லை. ஆராவமுதர் தன் பங்கில் பாதியை அடுத்தவருக்குத் தள்ளியது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை. சடையாண்டி முதலில் கூச்சப்பட்டார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். முடிந்ததும் ஆராவமுதர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

ஆடியில் மழை பெய்தது. கரம்பையில் விதைத்தார்கள்.

தை பிறந்ததும் ஆராவமுதர் மடத்துக்கு வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து கரம்பை வழியா வந்தேன், தாயே."

"விளைச்சல் எப்படி?"

"விளைச்சலுக்கென்ன, களத்துல மலைமாதிரி குவிச்சு வச்சிருக்காங்க. பக்கத்துல வைக்கோல் பிரி திரிச்சு, விதைக்கோட்டை கட்ட ஆயத்தமா வச்சிருக்காங்க. சந்தோஷம்தான். ஆனா..."

"ஆனா?"

"நான் என்னத்தைச் சொல்றது. ஒருத்தர்கூட எழுந்து நிக்கலை. ஒரு மாலை கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. சடையாண்டி என்னைப் பாத்துச் சும்மா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலை, தாயே."

அங்கம்மை ஒரு கடலையை உரித்தார்.

"நீங்க போனப்போ என்ன நேரம்?"

"உச்சிப்பொழுது."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"என்ன பண்ணுவாங்க, எல்லாரும் களத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

அங்கம்மை உரித்த கடலையை அவர் கையில் வைத்தார்.

"வாய் நிறையச் சோறு இருந்திருக்கும், அமைச்சரே."